பீடாதிபதிப் பதவியை விட்டு நோயாளியின் கட்டிலுக்கு

உயர்தரப் பரீட்சையை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் மாணவி ஒருத்தியின் கடிதம் சென்ற வாரம் எமது மேசைக்கு வந்தது. தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க அவள் விரும்புகிறாள். வீட்டாரோ, "இவ்வளவு படித்தது டாக்டர் சொல்லும் ஊசியைப் போடவும் படுக்கை விரிக்கவும் தானா?" என்று தடுக்கிறார்களாம். தாதித் தொழிலிலே அறிவுக்கும் ஆராய்ச்சிக்கும் இடமுண்டா என்பது அவள் வினா. உண்டு என்று ஒரே சொல்லில் விடை எழுதி அனுப்பிவிடலாம். ஆயினும் அந்த ஒரு சொல்லை அவள் வீட்டார் ஏற்பரோ என்பது ஐயமே. ஆகவே, புகழ்பெற்ற பல்கலைக்கழகமொன்றிலே தாதிக் கல்விக்குத் தலைமை தாங்கியிருந்தும், தாம் கற்கவேண்டியது இன்னும் நோயாளியின் கட்டிலருகேதான் இருக்கிறது எனக் கண்டு அப்பதவியைத் துறந்த ஓர் அம்மையாரின் வரலாற்றை இவ்வாரம் சொல்வோம். வீட்டாரும் உடனிருந்து வாசிக்கட்டும்.

நியூ யோர்க் நகரில் 1917 ஏப்ரல் 19ஆம் திகதி பிறந்த புளோரன்ஸ் ஷோர்ஸ்கி என்பவரே, மணமான பின் புளோரன்ஸ் வால்ட் என்று அறியப்பட்டவர். கல்வியைப் போற்றிய குடும்பம் அது. உடன்பிறந்தவரான கார்ல் ஷோர்ஸ்கி சரித்திர ஆசிரியராகப் புகழ்பெற்று, வியன்னா நகரைப் பற்றிய நூலுக்காக 1981இல் புலிட்சர் பரிசு பெற்றவர். அத்தகைய வீட்டுப் பெண் தாதித் தொழிலை நாடியது ஏன்? சிறு பிராயத்திலே சுவாச நோயினால் பல மாதங்கள் வைத்தியசாலையிற் கிடக்க நேர்ந்தது. அங்கே கண்ட தாதிமாரின் பணிவிடையே அந்த ஆசைக்கு வித்தாயிற்று. மவுண்ட் ஹோலியோக் கல்லூரியில் 1938இல் பட்டம் பெற்றபின், யேல் பல்கலைக்கழகத்தின் தாதிப் பாடசாலையிற் சேர்ந்து 1941இல் முதுமாணிப் பட்டம் பெற்றார். 1923இல் தொடங்கப்பெற்ற அப்பாடசாலை 1934 முதல் பட்டதாரிகளையே மாணவிகளாகச் சேர்த்தது. தாதியாவதற்கு முதலிலே பட்டதாரியாக வேண்டும்! எமக்குக் கடிதம் எழுதியவளின் வீட்டார் இதனைச் சற்றே கவனிப்பாராக.

இடையில் கழிந்த ஆண்டுகளை விரைவாகவே கடந்து செல்லலாம். ஆராய்ச்சிக் கூடங்களில் உதவியாளராகப் பணிபுரிந்தார், மனநோய்த் தாதியத்திலே யேலில் 1956இல் இன்னொரு முதுமாணிப் பட்டம் பெற்றார், கற்பித்தார். 1959இல் அப்பாடசாலையின் பீடாதிபதியானார்.

அக்காலத்து யேலிலே தாதியம் என்றால் என்ன என்ற அடிப்படைக் கேள்வியையே எழுப்பி ஆராய்ந்துகொண்டிருந்தனர். வேர்ஜினியா ஹென்டர்சன் அம்மையார் அங்கே இருந்து, 1900 முதல் 1959 வரை தாதியம் பற்றி வெளிவந்த ஆராய்ச்சி எழுத்துக்களையெல்லாம் தேடி அட்டவணைப்படுத்தும் பெரும்பணியைச் செய்தார். ஒருவருக்கு வலிமையும் மனத்திடமும் அறிவும் இருந்தால் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை, அவை இல்லாத வேளையில் அவருக்குச் செய்து உதவுவதே தாதியின் தனிப்பணி என்பது ஹென்டர்சன் வகுத்த இலக்கணம். அவ்வுதவி எதை நோக்கியது என்று கூறுமிடத்து, ஆரோக்கியம், குணமடைதல் ஆகியவற்றோடு அமைதியான மரணத்தையும் அவர் சேர்த்தார். மரணமும் தாதியின் தொழிலுக்குள் அடங்கும் என்று இலக்கணத்திலேயே எழுதிவைத்தது சிறிய காரியமன்று.

அங்கே ஆராய்ந்த மற்றொருவர் ஐடா ஓர்லான்டோ. நோயாளி கேட்பதும் அவருக்கு வேண்டியதும் எப்போதும் ஒன்றாயிருப்பதில்லை என்பது அவருடைய ஆராய்ச்சியின் சாரம். உதாரணமாக, ஒரு முதியவர் ஒரு மணி நேரத்துள் மூன்று முறை மணியடித்துத் தண்ணீர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறையும் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகும் தாதி கட்டளையை நிறைவேற்றியவளாவாள். "ஐயா, தனியே இருக்கப் பயமாயிருக்கிறதா?" என்று கேட்பவளோ நோயை அறிந்தவளாவாள். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் இரக்க சுபாவம் அன்று. அது கற்பிக்கக்கூடிய, சோதித்துப் பார்க்கக்கூடிய அறிவு என்பதே யேல் பாடசாலையின் துணிபு.

ஆனால் அந்த அறிவு ஓரிடத்தில் வந்து முட்டி நின்றது. தீராத புற்றுநோயினால் வருந்தும் நோயாளி, "எனக்கு என்ன நோய்? நான் பிழைப்பேனா?" என்று கேட்டால் தாதி என்ன சொல்வது? சொல்லும் உரிமை வைத்தியருக்கே உரியது, வைத்தியரோ சொல்வதில்லை. சிகாகோ நகரத்து வைத்தியசாலை ஒன்றிலே 219 வைத்தியர்களை விசாரித்து டாக்டர் டொனால்ட் ஓகன் 1961இல் வெளியிட்ட கட்டுரையின்படி, நூற்றுக்குத் தொண்ணூறு பேர் புற்றுநோய் என்பதை நோயாளியிடம் சொல்லாமலிருப்பதையே விரும்பினர். உண்மையைச் சொன்னால் நம்பிக்கை போய்விடும் என்பது அவர்கள் கூறிய காரணம். வைத்தியர் சில நிமிடங்களில் கட்டிலைக் கடந்து போய்விடுவார். எட்டு மணி நேரமும் அக்கேள்வியின் முன்னே நிற்பவள் தாதியே. ஆதலின் அவள் என்ன செய்தாள்? தலையணையைச் சரிசெய்தாள்; வானிலையைப் பற்றிப் பேசினாள்; வேறு வேலை இருப்பதுபோல் நழுவினாள்.

இந்த நழுவலைத் துருவி ஆராய்ந்தவர்களும் உளர். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்து வைத்தியசாலைகளில் கிளேசர், ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியல் அறிஞர்கள் மரணத் தறுவாயிலுள்ளோரின் நிலையைக் கூர்ந்து நோக்கி 1965இல் நூலொன்று வெளியிட்டனர். நால்வகை நிலைகளை அவர்கள் கண்டனர். எல்லாரும் அறிந்திருக்க நோயாளி மாத்திரம் அறியாதிருப்பது ஒன்று. நோயாளி சந்தேகித்துத் துருவுவது மற்றொன்று. நோயாளியும் அறிவார், சுற்றத்தாரும் அறிவர், ஆயினும் இரு சாராரும் அறியாதவர்போல் நடிப்பது மூன்றாவது. ஒளிவுமறைவின்றிப் பேசிக்கொள்வது நான்காவது. மூன்றாவது நிலையை வாசிக்கும்போது எம் வாசகர்களிற் பலர் பெருமூச்செறிவர் என்று எண்ணுகிறோம். "அம்மாவுக்குச் சொல்லிவிடாதேயுங்கோ" என்று மகன் வாசலில் நின்று வைத்தியரிடம் கேட்க, உள்ளே அம்மாவோ "பிள்ளைக்குத் தெரியவேண்டாம், தாங்கமாட்டான்" என்று தாதியிடம் சொல்லும் காட்சி அமெரிக்காவுக்கு மாத்திரம் உரியதன்று.

அவ்வாராய்ச்சியிலே பங்குகொண்ட தாதி அறிஞர் ஜீன் குவின்ட். பின்னாளில் பெனோலியல் என்ற பெயரால் அறியப்பட்டவர். மார்புப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட பெண்களிடம் சென்று அவர்கள் சொன்னவற்றைக் கேட்டு எழுதியவரும் இவரே. புண் ஆறியதை எல்லாரும் விசாரித்தனர். அவர்தம் அச்சத்தை விசாரித்தவர் அரியர். மரணத்தை எதிர்நோக்கும் நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதைத் தாதிப் பாடசாலைகள் கற்பிக்கவேயில்லை என்று 1967இல் வெளிவந்த தமது நூலிலே அவர் எடுத்துக்காட்டினார். பேசத் தெரியாதவள் நழுவாமல் வேறென்ன செய்வாள்?

இப்படியிருக்கையில் 1963ஆம் ஆண்டு லண்டனிலிருந்து ஒரு விருந்தினர் யேலுக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். அவரே டாக்டர் சிசிலி சோண்டர்ஸ். இவருடைய கதையும் விசித்திரமானது. உலகப் போர்க் காலத்திலே தாதியாகப் பயின்றார். முதுகு வலியினால் அத்தொழிலைத் தொடர இயலாமற்போகவே வைத்தியசாலைச் சமூகசேவை உத்தியோகத்தரானார். புற்றுநோயால் 1948இல் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து நாட்டு யூத அகதியை அவ்வேலையின்போதே சந்தித்தார். உற்றாரற்ற அம்மனிதர், நிம்மதியாகச் சாவதற்கு ஓர் இல்லம் வேண்டும் என்று இருவரும் பேசிக்கொண்டதை மனத்திற்கொண்டு, அவ்வில்லத்தில் ஒரு சாளரமாக இருப்பேன் என்று கூறி 500 பவுண் விட்டுச் சென்றார். சாவோரைக் கைவிடுவோர் வைத்தியரே ஆதலின் நீ வைத்தியம் படி என்று ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் தூண்டவே, சோண்டர்ஸ் முப்பது வயதைக் கடந்தபின் வைத்தியம் கற்று 1957இல் டாக்டரானார்.

யேலிலே அவர் காட்டியவை நோயாளிகளின் புகைப்படங்கள். வலியால் முகம் சுருங்கிக் கிடந்தவர் சில நாட்களின் பின் எழுந்திருந்து பேசும் நிலையிற் காணப்பட்டார். மந்திரமோ புதிய மருந்தோ அன்று. பழைய மோர்பின்தான். அதனைக் கொடுக்கும் முறையே புதிது. வைத்தியசாலைகளில் வழக்கமாக நோயாளி வலியால் துடித்துக் கேட்டபின்பே மருந்து கொடுப்பர். அடுத்த வேளையும் அவர் துடிக்க வேண்டும், கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும். இதனால் வலியோடு வலியைப் பற்றிய அச்சமும் வளர்கிறது. வாயினால் கொடுக்கும் மோர்பினின் வலிமை ஏறத்தாழ நான்கு மணி நேரம் நிற்கும். ஆதலின் வலி திரும்பு முன்னரே, மணிக்கூட்டைப் பார்த்து அடுத்த வேளை மருந்தைக் கொடுத்துவிட்டால் அச்சம் நீங்கும், குறைந்த அளவே போதுமானதாகும், அறிவும் மயங்காது. இஃது ஒருபுறமிருக்க, வலி என்பது உடலோடு நின்றுவிடுவதில்லை என்பதும் அவர் கொள்கை. பிள்ளைகளின் எதிர்காலம், தீராத கடன், தீராத பகை, இறைவனைப் பற்றிய ஐயம் யாவும் சேர்ந்ததே முழு வலி. உண்மையைச் சொல்லும் விடயத்திலும் அவர் எவரையும் வற்புறுத்தவில்லை. நோயாளிக்கு நாம் எதைச் சொல்வது என்று தர்க்கிப்பதை விட, நோயாளி எதைச் சொல்ல நாம் இடங்கொடுக்கிறோம் என்று பார்க்கவேண்டும் என்பார்.

அதுகாறும் இவ்விடயத்தில் மனம் நொந்தவர்கள் தாதிமார் மாத்திரமே என்று வால்ட் அம்மையார் எண்ணியிருந்தார். ஒரு வைத்தியரின் வாயிலிருந்து இதைக் கேட்டது அவருக்குப் பூட்டிய கதவு திறந்தாற்போலாயிற்று. 1966இல் பீடாதிபதிப் பதவியை விட்டார். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவர், கௌரவமும் சம்பளமும் உள்ள பதவியை விட்டுவிட்டு மீண்டும் மாணவியாவதற்குத் துணிவு வேண்டும். சோண்டர்ஸ் 1967இல் லண்டன் சிடன்ஹாம் பகுதியில் திறந்த புனித கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸுக்குச் சென்று, அங்குள்ள முறைகளைக் கண்டு பயின்றார். அவர் கணவர் ஹென்றி வால்ட் ஒரு பொறியியலாளர். அவரும் தம் தொழிலை விட்டு, வைத்தியசாலைத் திட்டமிடலை மீண்டும் பல்கலைக்கழகத்தில் கற்று, ஹொஸ்பிஸ் ஒன்றை எவ்வாறு அமைப்பது என்றே ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார். மனைவியின் எண்ணத்துக்காகக் கணவர் தொழிலை மாற்றிக்கொண்ட இச்செய்தி எம் வாசகிகளுக்கு உவப்பாயிருக்கும். வாசகர்களுக்கு எப்படியோ அறியோம்.

நாடு திரும்பிய அம்மையார் உடனே கட்டடம் எழுப்ப முற்படவில்லை என்பதையே நாம் பெரிதும் மதிக்கிறோம். லண்டனில் நல்லது என்று கண்டதை அப்படியே பெயர்த்து நட்டுவிடலாம் என்று அவர் நினைக்கவில்லை. தம் ஊரில் மனிதர் எவ்வாறு இறக்கிறார்கள் என்று முதலில் அறிய விரும்பினார். வைத்தியர்களும் மதகுருமாரும் தாதிகளும் சேர்ந்த குழுவொன்றுடன் 1969 முதல் 1971 வரை, மரணத்தை எதிர்நோக்கிய நோயாளிகளையும் அவர்தம் குடும்பத்தாரையும் வைத்தியசாலையிலும் வீட்டிலும் பராமரிப்பு இல்லங்களிலும் தொடர்ந்து சென்று கண்டார். கண்டவற்றைக் குறித்து வைத்தார். தாமே கட்டிலருகே தாதியாகப் பணிவிடையும் செய்தார். தூர நின்று கணக்கெடுப்பது மாத்திரம் ஆராய்ச்சியாகாது, கைதொட்டுப் பணிசெய்பவரின் கண்ணுக்குப் புலப்படுவதும் அறிவே என்பது இதன் உட்கிடை. பெரும்பாலோர் விரும்பிய இடம் தங்கள் வீடு. ஆனால் வலி கண்ட இரவிலே கூப்பிட ஆளில்லாமையால்தான் வைத்தியசாலைக்கு ஓடினர் என்பதை அத்தகைய அனுபவம் உணர்த்தியது.

ஆதலால் 1974இல் கனெக்டிகட் ஹொஸ்பிஸ் நியூ ஹேவன் நகரில் தன் பணியைத் தொடங்கியபோது அதற்கு ஒரு கட்டில் கூட இருக்கவில்லை. அமெரிக்காவின் முதல் ஹொஸ்பிஸ் வீடு தேடிச் செல்லும் சேவையாகவே பிறந்தது. தாதி வீட்டுக்கு வருவாள். நோயாளியின் வலியை அளவிட்டு மருந்தை ஒழுங்குபடுத்துவாள். கிடையாய்க் கிடப்பவரைப் புரட்டும் விதத்தையும் வாய் உலராமற் பார்க்கும் விதத்தையும் மனைவிக்கும் மகளுக்கும் காட்டிக்கொடுப்பாள். மரணத்தின் பின்னும் அக்குடும்பத்தை மறவாமல் சென்று பார்ப்பர். 44 கட்டில்கள் கொண்ட கட்டடம் 1980இல்தான் பிரான்ஃபோர்ட் என்னும் ஊரில் எழுந்தது. நோயாளிகள் ஒருவர்க்கொருவர் துணையாகும்படி நால்வர்க்கு ஓர் அறை வகுத்தனர். கட்டிலோடு வெளியே தள்ளிச் சென்று வெயிலும் காற்றும் படச்செய்ய வழி வைத்தனர். சிறு பிள்ளைகளுக்கான பாலர் பாடசாலையையும் அங்கேயே நடத்தினர். சாவு வீடு என்று ஊரார் முகஞ்சுளிக்கும் இடத்திலே குழந்தைகளின் கூச்சல் கேட்கவேண்டும் என்ற எண்ணம் எவருக்குத் தோன்றியதோ, அவரை வாழ்த்துவோம்.

உலகமும் மெல்ல மாறிற்று. ஓகன் கேட்ட அதே கேள்வியை 1979இல் வேறொரு குழுவினர் அமெரிக்க வைத்தியர்களிடம் மீண்டும் கேட்டபோது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் நோயாளியிடம் சொல்வதையே விரும்பினர். பதினெட்டு ஆண்டுகளில் இத்தனை தலைகீழ் மாற்றம்! முதியோருக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டத்திலே ஹொஸ்பிஸ் செலவுக்கு இடமளிக்கும் சட்டம் 1982இல் நிறைவேறியது. ஆறு மாதங்களுக்கு மேல் உயிர்வாழார் என வைத்தியர் சான்று தருவோர்க்கே அது உரியது என்ற நிபந்தனை, நன்மையோடு ஒரு தீங்கையும் செய்தது என்பது எமது கருத்து. இப்பராமரிப்பு என்றாலே கைவிட்ட நோயாளிக்கு உரியது என்ற எண்ணம் மக்கள் மனத்தில் வேரூன்றிவிட்டது.

அவ்வெண்ணம் பிழையென்று காட்டும் ஆராய்ச்சியொன்று 2010இல் பொஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையிலிருந்து வந்தது. பரவிவிட்ட சுவாசப்பைப் புற்றுநோய் உடைய 151 பேரை டாக்டர் ஜெனிபர் டெமலும் குழுவினரும் இரு பகுதியாகப் பிரித்தனர். ஒரு பகுதியினர்க்கு வழக்கமான சிகிச்சை மாத்திரம். மற்றப் பகுதியினர்க்கு அச்சிகிச்சையோடு ஆரம்பம் முதலே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் கிடைத்தது; வைத்தியர்களுடன் உயர்பயிற்சி பெற்ற தாதியரும் அதனை வழங்கினர். இரண்டாம் பகுதியினருக்கு மனச்சோர்வு குறைந்தது. இறுதி நாட்களில் உடலை வருத்தும் சிகிச்சைகளையும் அவர்களிற் குறைந்தோரே பெற்றனர். அவ்வாறிருந்தும் அவர்கள் உயிர்வாழ்ந்த காலத்தின் இடைநிலை 11.6 மாதங்கள், மற்றவர்க்கு 8.9 மாதங்களே. ஆறுதல் கொடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சியவர்களுக்கு இவ்வெண்கள் போதிய விடை.

வால்ட் அம்மையார் இதனைக் காணவில்லை. ஆனால் முதுமையிலும் அவர் சும்மா இருக்கவில்லை. 1998இல் அமெரிக்கத் தேசிய மகளிர் புகழ் மண்டபத்திலே அவர் பெயர் இடம்பெற்றது. அத்தகைய மரியாதைகள் குவிந்த வயதிலே அவர் போய் நின்ற இடம் சிறைச்சாலை. நீண்ட தண்டனை பெற்றோர் சிறையிலேயே முதிர்ந்து, புற்றுநோய் முதலியவற்றால் அங்கேயே இறக்கின்றனர். வீட்டுக்குப் போக வழியில்லை. கைபிடித்திருக்க உறவினர் இல்லை. அத்தகையோர்க்கும் ஹொஸ்பிஸ் பராமரிப்பு வேண்டும் என்று வாதாடி, கனெக்டிகட் சிறைகளிலே கைதிகளையே அப்பணிக்குப் பழக்கும் முயற்சியில் ஈடுபட்டார். முகம் துடைக்கவும், உணவூட்டவும், இரவிலே அருகிருந்து காவல் காக்கவும் சக கைதிகள் பயிற்சி பெற்றனர். சாகிறவருக்கு ஒரு துணை கிடைத்தது. துணையிருந்தவனோ, தன் கையாலும் ஒருவருக்கு நன்மை செய்ய முடியும் என்பதை, சிலவேளை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டான்.

2008 நவம்பர் 8ஆம் திகதி, 91ஆவது வயதில், தாம் பாடுபட்டு எழுப்பிய ஹொஸ்பிஸ் அமைந்துள்ள பிரான்ஃபோர்ட் ஊரிலே தம் இல்லத்தில் புளோரன்ஸ் வால்ட் காலமானார்.